குற்றால சீசன்ல வாங்குற மலைச்செடி கீழ வந்தா ஏன் தங்க மாட்டேங்குது?

பாளை_செல்வி (மே 25, ராத்திரி 9.40)

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் ரெண்டாவது ஞாயிறு குடும்பத்தோட குற்றாலம் போறோம், அதுக்கு முன்னாடி கேட்டுரலாம்னு தான் இந்த இழை. போன வருசம் ஐந்தருவி போற ரோட்டுல ஒரு கடையில மங்குஸ்தான் ஒண்ணு, ரம்புட்டான் ரெண்டு, கிராம்பு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், எல்லாம் சேத்து 1400 ரூவா. அன்னைக்கு சாரல்ல நனைஞ்சுக்கிட்டு அவ்வளவு பளபளன்னு நின்னுச்சு, பாத்த உடனே எடுத்துட்டேன். பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்த மறுநாளே புறவாசல்ல குழி தோண்டி வச்சாச்சு. பத்தாம் நாள் ரம்புட்டான் இலை நுனியில இருந்து காப்பிப்பொடி கலர்ல கருக ஆரம்பிச்சுது, நடு நரம்பு மட்டும் பச்சையா நிக்கி, ரெண்டு பக்கமும் அப்பளம் மாதிரி நொறுங்குது. தண்ணி ஊத்தல போலன்னு ரெண்டு நேரமும் ஊத்துனேன். ஆவணி பொறக்குறதுக்குள்ள கிராம்பு போச்சு, அப்புறம் ரம்புட்டான் ரெண்டும். மங்குஸ்தான் மட்டும் நாலு இலையோட இன்னும் உசுரோட இருக்கு, ஆனா ஒரு வருசமா ஒரு இலை கூட புதுசா விடல.

எங்க வீட்டுல போர் தண்ணி தான், பாத்திரத்துல கொதிக்க வச்சா வெள்ளையா படியும். மண்ணு வீடு கட்டும்போது கொட்டுன செம்மண்ணு, கீழ ஓடைக்கல்லு. இந்த தடவை என்ன வாங்கலாம், எப்ப வைக்கணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. எனக்கு இது விளையாட்டு இல்ல, ஒவ்வொண்ணு சாகும்போதும் மனசு ஒரு மாதிரி ஆயிருது.

புளியரை_தோட்டம் (மே 26, காலை 6.15)

தங்கச்சி, செடி மேலயும் தப்பு இல்ல உங்க மேலயும் தப்பு இல்ல, வச்ச நேரம் தான் தப்பு. எங்க ஊரு செங்கோட்டைக்கு மேக்க மலையடிவாரம், கேரளாவுல மழை பெஞ்சா எங்களுக்கும் பெய்யும், ரம்புட்டானும் ஜாதிக்காயும் எங்க வீட்டுல காய்க்கி. அதே செடிய என் தங்கச்சி மாப்ள சேரன்மாதேவியில வச்சு ரெண்டு தடவை விட்டாச்சு, மூணாவது தடவை தான் நின்னுது, அந்த அனுபவத்துல சொல்லுதேன்.

நீங்க குற்றாலத்துல நிக்கும்போது அடிக்கிற காத்துல ஈரம் இருக்கு. அதே காத்து தென்காசி தாண்டி பாவூர்சத்திரம் வரைக்கும் கொஞ்சம் வாடையோட வரும், ஆலங்குளம் தாண்டுனா ஈரம் எல்லாம் வடிஞ்சு வெறும் காத்து தான், அதுவும் ஆனி ஆடியில அடிக்கிற காத்து உங்களுக்கு தெரியாததா, துணி காயப்போட்டா அரை மணி நேரத்துல மொடமொடன்னு ஆயிரும். துணிக்கே அப்படின்னா அன்னைக்கு வரைக்கும் சாரல்லயே வளந்த இலைக்கு எப்படி இருக்கும்? வேர் குடிக்கிறத விட இலை வேகமா விட்டுருது, அதான் நுனியில இருந்து கருகுது. இதுக்கு ரெண்டு நேரம் தண்ணி ஊத்துனா வேர் அழுகுமே தவிர இலை பொழைக்காது.

நம்ம தின்னவேலி பக்கம் மழைக்காலம்னா ஐப்பசி கார்த்திகை தான். குற்றால சீசன்ல வாங்குங்க, வேண்டாங்கல. ஆனா வாங்குன உடனே தரையில வைக்காதீங்க. அந்த கவரோடயே, இல்லன்னா ஒரு சைஸ் பெரிய கவருக்கு மாத்தி, காத்து படாத நிழல்ல மூணு நாலு மாசம் வச்சு பழக்குங்க. கிழக்கு பாத்த சுவரு ஓரம், வேப்ப மரத்தடி, கெணத்தடி எதுனாலும் சரி. புரட்டாசி கடைசியில ஒரு மழை விழுந்ததும் குழியில இறக்குங்க. தை வரைக்கும் வெயில் கொறவு, வேர் கீழ ஓடிரும். சித்திரைக்கு மட்டும் மேல ஓலை கெட்டணும், மொத மூணு வருசமும் கெட்டணும்.

வாங்கும்போது பாக்க வேண்டியது. ரம்புட்டான் விதைக்கன்னு வாங்கவே கூடாது, ஆண் மரமா போயிட்டா பூக்கும் காய்க்காது, அது தெரிய அஞ்சாறு வருசம் ஆவும். மொட்டு ஒட்டுன கன்னு தான் வாங்கணும், அடித்தண்டுல ஒட்டுன தழும்பு தெரியும், தழும்புக்கு மேல உள்ள தளிர் தான் உங்க செடி, கீழ இருந்து கிளம்புறத கிள்ளிப் போட்டுரணும். ஜாதிக்காய்க்கும் இதே கதை தான். மங்குஸ்தான் வேற ரகம், அது விதைக்கன்னே தாய் மரம் மாதிரி தான் வரும், ஆனா ஆமை வேகம், ரெண்டு வருசக் கன்னு ஒரு அடி இருந்தாலே நல்ல வளத்தி. காய்க்க ஏழு எட்டு வருசம் கொறஞ்சது ஆவும். உங்களுது நாலு இலையோட நிக்கின்னா அது சாகல, அத தோண்டி மாத்தி மட்டும் வச்சுராதீங்க, ஆணிவேரு அறுந்தா அதோட போச்சு.

பாளை_செல்வி (மே 26, காலை 8.02)

அண்ணாச்சி ரொம்ப நன்றி, மாத்தி வைக்கணும்னு தான் நேத்து கூட மம்பட்டி எடுத்தேன், நல்ல வேளை. ரம்புட்டான் சாகுறதுக்கு முன்னாடி கடைசியா விட்ட புது இலை மஞ்சளா வந்துச்சு, நரம்பு மட்டும் பச்சை. அதுவும் காத்தால தானா?

புளியரை_தோட்டம் (மே 26, காலை 8.30)

இல்ல, அது உங்க தண்ணி. பாத்திரத்துல படியுற சுண்ணாம்பு மண்ணுலயும் படியுது. மண்ணு அப்படி ஆயிட்டா இரும்புச்சத்து மண்ணுக்குள்ள இருந்தும் வேருக்கு எடுக்க முடியாது, அதான் புது இலை மஞ்சளா வருது. உரக்கடையில அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கேளுங்க, லிட்டருக்கு 5 கிராம், கூட கொஞ்சம் எலுமிச்சம்பழச் சாறு விட்டு சாயங்காலம் இலையில தெளிங்க, பத்து நாளுக்கு ஒருக்க. நிரந்தர வழி மழைத்தண்ணி சேத்து வைக்கிறதும் மக்குன சருகு தொழுஉரம்னு நெறைய போடுறதும் தான். ஏசி தண்ணி கிடைச்சா ஊத்துங்க, ஆர்ஓ கழிவுத்தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, போர் தண்ணிய விட அதுல உப்பு ஜாஸ்தி.

நாலுமுக்கு_மகன் (மே 26, மதியம் 1.20)

இந்த இழைய பாத்ததும் எழுதணும்னு தோணுச்சு. நாங்க மாஞ்சோலைக்கு மேல நாலுமுக்கு எஸ்டேட். தாத்தா காலத்துல இருந்து தேயிலை தான், 1929ல போட்ட 99 வருச குத்தகை 2028ல முடியுது, அதுக்கு முன்னாடியே 2024ல வேலை நின்னு போச்சு, நாங்க கல்லிடைக்குறிச்சிக்கு இறங்கி வந்துட்டோம். தமிழ்நாட்டுல அதிக மழைன்னு நியூஸ்ல அடிக்கடி சொல்லுவாங்களே, அந்த நாலுமுக்கு தான். ஆனி ஆடியில பத்து நாள் சூரியனையே பாக்க முடியாது, அடுப்புக்கு மேல கயிறு கட்டித்தான் துணி காய வைப்போம்.

எஸ்டேட்ல வேலை பாக்குறவங்களுக்கு வரிசையா கட்டுன லைன் வீடு, அதுக்கு முன்னாடி நாலடி அகலம் தான் இடம். அதுல எங்க அம்மா டேலியா, ஜெரேனியம், ஹைட்ரேஞ்சியா எல்லாம் வச்சிருந்துச்சு. ஹைட்ரேஞ்சியாவுக்கு அம்மா வச்ச பேரு பந்துப்பூ, நீலம்னா அப்படி ஒரு நீலம், ஸ்கூல் யூனிபார்ம் மாதிரி. பின்னாடி சௌசௌ கொடி, பீன்ஸ், ஒரு மரத்தக்காளி. இறங்கும்போது பீரோ கட்டில விட அம்மாவுக்கு செடி தான் கவலை. பந்துப்பூவ மண்ணோட பெயின்ட் டப்பாவுல வச்சு மடியில வச்சுக்கிட்டே மணிமுத்தாறு வரைக்கும் வந்துச்சு. டேலியா கிழங்கு ஒரு சாக்குல.

கீழ வந்த மொத மாசம் பந்துப்பூ ஏற்கனவே இருந்த மொட்டு ஒண்ணு விரிஞ்சுது, சின்னதா, நீலமாத்தான். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் வெறும் இலை. மதியம் 12 மணிக்கெல்லாம் இலை துவண்டு தொங்கிரும், சாயங்காலம் நிமிந்துரும், அம்மா தினமும் பக்கத்துல உக்காந்து பாக்கும். டேலியா கிழங்க சித்திரையில நட்டோம், முளைச்சு ஒரு சாண் வந்து அழுகிப் போச்சு. பாதி கிழங்கு இன்னும் மீதி இருக்கு. அத எப்ப நடணும், பந்துப்பூ பூக்க ஏதாவது வழி இருக்கா?

கரிசக்காடு (மே 26, சாயங்காலம் 5.45)

எனக்கு ஒண்ணு புரியல, தப்பா எடுக்காதீங்க. எதுக்கு இந்த பாடு? எங்க பக்கம் சங்கரன்கோவில்ல இருந்து கோவில்பட்டி வரைக்கும் கரிசல், வெயிலுக்கு வெடிச்சு கால் மாட்டுற அளவு பொளவு விழும், அதுலயும் சீத்தா, நெல்லி, மாதுளை, முருங்கை, பிச்சிப்பூ எல்லாம் வருது. புளியங்குடி பக்கம் போயி எலுமிச்சை பாருங்க, அந்த மண்ணுக்கு அது தான். எல்லாரும் ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்க, எங்க மானாவாரிக்கு புரட்டாசி பட்டம் தான், ஏன்னா எங்க மழை அப்பத்தான் வருது. ஊருக்கு ஊரு மாறும், அத மதிச்சு நடந்தா செடி சாகாது. குளுந்த எடத்துச் செடிய கொண்டாந்து வெயில்ல சாகடிக்கிறத பாத்தா எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. மே மாசம் கொடைக்கானல் ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு போயிட்டு கத்திரி வெயில்ல பூஞ்செடிய தூக்கிட்டு வராங்க, அதுல எத்தன ஜூன் மாசம் பாக்குது?

நாலுமுக்கு_மகன் (மே 26, ராத்திரி 8.10)

அண்ணே நீங்க சொல்லுறது சரி, கடையில காசு குடுத்து வாங்குறவங்களுக்கு. நாங்க வாங்கிட்டு வரல. எங்க அம்மா 38 வருசம் அந்த மலையில கொழுந்து பறிச்சுது, அந்த வீடு இப்ப இல்ல, அந்த செடி தான் மிச்சம். அது பூக்கலன்னாலும் பரவால்ல, சாகக்கூடாது. அதுக்குத்தான் கேக்கேன்.

கரிசக்காடு (மே 26, ராத்திரி 8.31)

தம்பி மன்னிச்சுக்கோங்க, அத யோசிக்காம எழுதிட்டேன். அம்மாவ கேட்டேன்னு சொல்லுங்க. என்கிட்ட பழைய மண் தொட்டி இருக்கு, பெருசு, ரெண்டு அண்டா தண்ணி பிடிக்கும். மண் தொட்டி தண்ணிய கசிய விட்டு சுத்தி குளுமையா வச்சுக்கிடும், பெயின்ட் டப்பா வெயில்ல கொதிக்கும், மொதல்ல அத மாத்துங்க. தொட்டிய ஒரு பெரிய தாம்பாளத்துல மணல் போட்டு அதுமேல வச்சு, மணல நனைச்சுக்கிட்டே இருங்க. எங்க ஊருல தண்ணிப் பானைய அப்படித்தான் வைப்போம்.

அபர்டீன்_பாளையங்கோட்டைக்காரன் (மே 27, அதிகாலை 3.05 நம்ம நேரம்)

சமாதானபுரத்துல பொறந்து வளந்து இப்ப ஸ்காட்லாந்துல ஒன்பது வருசமா இருக்கேன். இங்க இப்பத்தான் வசந்தம், ராத்திரி பத்தரை மணி தாண்டிருச்சு, இன்னும் லேசா வெளிச்சம் இருக்கு. ஜன்னல் பக்கத்துல 14 தக்காளி நாத்தோட உக்காந்து இத படிச்சேன், அப்படியே எங்க கதை தான், தலைகீழா.

இங்க மே கடைசி வரைக்கும் உறைபனி விழும். மார்ச்லயே வீட்டுக்குள்ள ஜன்னல் ஓரம் விதைச்சிருவோம், ஆனா வெளிய வைக்க முடியாது. மே மாசம் சனிக்கிழமைகள்ல சர்ச் ஹால்லயும் ஸ்கூல்லயும் செடி விற்பனை நடக்கும், அக்கம்பக்கத்து ஆளுங்க அவங்க தோட்டத்துல பிரிச்ச செடிய தயிர் டப்பாவுல வச்சு ஒரு பவுண்டு ரெண்டு பவுண்டுக்கு கொடுப்பாங்க. கதவு திறக்க அரை மணி நேரம் முன்னாடியே வரிசை நிக்கும். மொத வருசம் நான் போனது அங்க இல்ல, ஏப்ரல்லயே ஒரு பெரிய கடை வாசல்ல பூத்துக்கிட்டு இருந்தத பாத்து ஆறு செடி வாங்கி அன்னைக்கே தரையில வச்சுட்டேன். மூணாம் நாள் காலையில பாத்தா வெந்த கீரை மாதிரி கெடக்கு, ஒரே ராத்திரி பனி.

அடுத்த வருசம் சர்ச் ஹால்ல செடி வாங்கும்போது ஒரு வயசான அம்மா என்கிட்ட கேட்ட மொத கேள்வி, இத எங்க வளத்தேன்னு தெரியுமா உனக்கு? வெளிய வளத்த செடின்னா நேரா வைக்கலாம், கண்ணாடி வீட்டுக்குள்ள வளத்ததுன்னா பத்து பன்னெண்டு நாள் பகல்ல வெளிய, ராத்திரி உள்ளன்னு தூக்கி வச்சு பழக்கணும். இதுக்கு ஹார்டனிங் ஆஃப்னு ஒரு பேரே வச்சிருக்காங்க. மொத நாள் ஒரு மணி நேரம், அதுவும் காத்து இல்லாத மூலையில. புளியரை அண்ணாச்சி சொன்னது அச்சு அசல் இது தான். இங்க குளிருக்கு பழக்குறோம், அங்க காத்துக்கும் வெயிலுக்கும். செல்வி அக்கா, கடைக்காரர்கிட்ட மொதல்ல கேக்க வேண்டியது விலைய இல்ல, இது ஷேட் நெட்டுக்கு (நிழல் வலைக்கு) உள்ள நின்னதா வெளிய நின்னதான்னு கேளுங்க.

நாலுமுக்கு தம்பிக்கு. பந்துப்பூ பூ மொட்டு கட்டவே சில வாரம் தொடர்ந்து குளுமை வேணும், ராத்திரி சூடு கொறையாத ஊருல இலை தான் வரும், அது அம்மா கவனிப்புல கொறை இல்ல, அதச் சொல்லிருங்க. நீலம்கிறது மண்ணோட புளிப்பு. தேயிலை மண்ணு புளிப்பு மண்ணு, அதுல அலுமினியம் கரைஞ்சு செடிக்குள்ள போறதால நீலம். எங்க தெருவுல ஒரே வீட்டுல ரெண்டு செடி, தொட்டியில புளிப்பு மண்ணுல உள்ளது நீலம், சிமென்ட் சுவரு ஓரமா தரையில உள்ளது ரோஸ்.

டேலியாவுக்கு நம்பிக்கை இருக்கு. அது மெக்சிகோ மலைச்செடி, கிழங்கு தூங்கி எந்திரிக்கிற சாதி. இங்க நவம்பர்ல மொத பனியில இலை கறுத்ததும் தோண்டி காய வச்சு பனி படாம வைப்போம், மே கடைசியில தான் நடுவோம். நீங்க சித்திரை வெக்கையில நட்டது தான் தப்பு. இப்ப காஞ்ச மணல்ல போட்டு இருட்டுல வச்சிருங்க.

மாடித்தோட்டம்_மைனி (மே 27, காலை 10.40)

அபர்டீன் கொழுந்தனார் சொன்னது சரி, டேலியா நானே மகாராஜ நகர் மாடியில பூக்க வச்சிருக்கேன். ஐப்பசி அடைமழை ஓஞ்சு கார்த்திகையில நடணும், அதுக்கு முன்னாடி நட்டா மழையில அழுகும். மாசி வரைக்கும் பூக்கும். பங்குனியில இலை பழுத்ததும் தண்ணிய நிப்பாட்டி தோண்டி மறுபடி மணல்ல.

குளுந்த எடத்து காய்கறிக்கும் இதே கணக்கு தான். முட்டைக்கோஸ், காலிபிளவர், கேரட், பீட்ரூட் எல்லாம் புரட்டாசி கடைசியில விதைச்சு மார்கழி தையில எடுக்கலாம். சித்திரையில விதைச்சுட்டு வரலயேன்னு கேக்குறவங்க நெறைய பேரு இருக்காங்க. சௌசௌ மட்டும் மாடியில நான் மூணு தடவை போட்டு தோத்துட்டேன், கொடி போவுது, காய் பிடிக்கல.

செல்வி, கிராம்புக்கு பதிலா புதர் மிளகு வாங்கு. கொடி மிளகு இல்ல, பக்கக் கிளைய வெட்டி வேர் விட வச்சது, தொட்டியிலயே குத்துச்செடியா நிக்கும், நிழல் பிடிக்கும், மரம் தேவை இல்ல. வரும்போது கார் ஜன்னல சாத்திட்டு வா, காலடியில வை, பஸ்ஸுன்னா சேலைத்துணி சுத்திக்கோ. டிக்கிய திறந்து போட்டு ஆலங்குளம் காத்துல கொண்டு வந்தா பாதி செடி வழியிலயே செத்துரும்.

பாளை_செல்வி (ஜூன் 10, ராத்திரி 10.15)

போயிட்டு வந்தாச்சு! மெயினருவியில நல்ல தண்ணி, குளிச்சுட்டு நேரா செடி பாக்கத்தான் போனேன், அவர் முறைச்சாரு. தோட்டக்கலை பூங்காவுலயும் பாத்தேன், ரோட்டுக்கடைகள்லயும் பாத்தேன். ஒரு கடையில நாலடி மங்குஸ்தான் சின்ன கவர்ல 900 ரூவா, பளிச்சுன்னு இருந்துச்சு, கவர தூக்கிப் பாத்தா அடியில வேரு முறுக்கு மாதிரி சுத்திக் கெடக்கு, வச்சுட்டு வந்துட்டேன். ஷேட் நெட்டுக்கு உள்ளயா வெளியயான்னு கேட்டதும் அந்த அண்ணன் என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, வாங்கம்மான்னு பின்னாடி கூட்டிட்டு போயி வெயில்ல நின்ன கன்னுகள காட்டுனாரு, இலை சின்னது, கலர் மங்கல், ஆனா தண்டு கெட்டி. அதுல ஒட்டு ரம்புட்டான் ஒண்ணு, புதர் மிளகு ரெண்டு. மொத்தம் 650. மூணும் இப்ப துணி துவைக்கிற கல்லுக்கு பின்னாடி, காத்து படாத எடத்துல.

பாளை_செல்வி (அக்டோபர் 20, காலை 7.30)

நேத்து ராத்திரி நல்ல மழை, இன்னைக்கு காலையில ரம்புட்டான தரையில இறக்கியாச்சு. நாலு மாசத்துல ரெண்டு தடவை தளிர் விட்டுச்சு, ரெண்டாவது தளிர் மஞ்சள் இல்ல, செம்பு கலர்ல வந்து பச்சையா மாறிருச்சு. அன்னபேதி மூணு தடவை தெளிச்சேன், மொட்டை மாடித் தண்ணிய ரெண்டு டிரம்முல பிடிக்கோம். மிளகுல ஒண்ணு போயிருச்சு, தொட்டியில தண்ணி தேங்கி அடி அழுகிப் போச்சு, அது என் தப்பு. பழைய மங்குஸ்தான் ஒரு ஜோடி புது இலை விட்டுருக்கு, ஒன்றரை வருசத்துக்கு அப்புறம்! தடவிப் பாத்தா தோல் மாதிரி வழவழன்னு இருக்கு.

நாலுமுக்கு தம்பி, அம்மா செடி எப்படி இருக்கு?

நாலுமுக்கு_மகன் (ஜனவரி 11, சாயங்காலம் 6.20)

அக்கா லேட்டா எழுதுறேன். கரிசக்காடு அண்ணன் சொன்ன மாதிரியே தொட்டிய அவரே அம்பாசமுத்திரம் வரைக்கும் கொண்டாந்து குடுத்தாரு. பந்துப்பூ அதுல நிக்கி, மதியம் துவளுறது இல்ல, பூ இல்ல. அம்மாவுக்கு அது போதும்.

டேலியா கார்த்திகை பத்தாம் தேதி அஞ்சு கிழங்கு நட்டோம், ரெண்டு முளைச்சுது. முந்தாநாள் ஒண்ணு பூத்துருக்கு, அடர் சிவப்பு, உள்ளங்கை அளவு. மேல அது சாப்பாட்டுத் தட்டு அளவு பூக்கும், இது சின்னது தான். அம்மா காலையில எந்திரிச்சு யார்கிட்டயும் சொல்லாம அதுக்கு பக்கத்துல சேர போட்டு உக்காந்து காப்பி குடிச்சுது, நான் ஜன்னல் வழியா பாத்தேன்.

முளைக்காத மூணு ஏன்னு யாராவது சொல்லுங்களேன், கிழங்கு கெட்டியாத்தான் இருந்துச்சு.

அபர்டீன்_பாளையங்கோட்டைக்காரன் (ஜனவரி 11, ராத்திரி 11.50 நம்ம நேரம்)

தம்பி ரொம்ப சந்தோசம், இங்க வெளிய முழுக்க வெள்ளையா கெடக்கு, அந்த சிவப்ப நெனச்சாலே நல்லா இருக்கு. கிழங்க தனித்தனியா ஒடிச்சு நட்டீங்களா? டேலியா கிழங்குல கண்ணு கிடையாது, உருளைக்கிழங்கு மாதிரி இல்ல. பழைய தண்டு அடியில, கழுத்து சேருற எடத்துல தான் கண்ணு இருக்கும். பங்குனியில தோண்டும்போது பிரிக்காதீங்க, கொத்தா மணல்ல வைங்க. நடுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி மணல லேசா நனைச்சா கண்ணு சிவப்பா துருத்தும், அப்ப ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு துண்டு பழைய தண்டு ஒட்டிக்கிற மாதிரி கத்தியால பிரிங்க.

நாலுமுக்கு_மகன் (ஜனவரி 12, காலை 6.05)

ஆமாண்ணே, கையாலயே ஒடிச்சு நட்டோம். மூணையும் தோண்டிப் பாத்தேன், கழுத்து இல்லாத கிழங்கு தான் மூணும். இந்த தடவை கொத்தாவே வைக்கோம். பிரிக்கும்போது கண்ணு கூட வந்தா செல்வி அக்காவுக்கு ஒண்ணு, மைனிக்கு ஒண்ணு, அம்மா இப்பவே சொல்லிருச்சு.